உள்ளே விட்ட துணி

அக்கா எதைத் தைத்தாலும் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டுத்தான் தைப்பாள். சட்டை என்றாலும் அப்படித்தான், ஜன்னல் திரை என்றாலும் அப்படித்தான். ஒருமுறை தலையணை உறைக்கும் விட்டாள். "தலகாணி என்ன அண்ணி, வளரவா போகுது?" என்று என் கணவர் கேட்டார். "தலகாணி வளராது தம்பி. அது மேல படுக்கிற தலை வளர்ந்துக்கிட்டே போகுதே" என்றாள் அக்கா.

அக்கா என்றால் என்னோடு பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. கல்யாணமாகி நான் கடல் கடந்து இந்த ஊருக்கு வந்த அதே வருடம், எனக்கு மூன்று மாதம் முன்னால் அவளும் வந்திருந்தாள். மாமியார் வீடு என்று நான் வாழ வந்தது ஆற்றோரத் தெருவில் இரண்டாம் மாடியில் இருந்த இரண்டு அறைகள்தான். மாமியார் வேலையையும் அக்காவே பார்த்தாள். வித்தியாசம் என்னவென்றால், திட்டிவிட்டு உடனே சிரித்துவிடுவாள்.

ஊர் சின்னது. நடுவில் ஆறு, அதன் மேல் இரண்டு பாலங்கள், மூன்று படகுத்துறைகள். எல்லாத் தெருவும் ஆற்றைப் பார்த்துச் சரிந்தே இருக்கும்; கையிலிருந்து ஒரு பொத்தான் விழுந்தால் துறை வரை உருண்டு போய்விடும் என்பாள் அக்கா. துணி காய இரண்டு நாள் ஆகும். காலை ஆறு மணிக்கு முதல் படகு ஊதும்போது எங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். தெருவில் எதிரே வருகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் முகம் பார்த்துத் தலையசைப்பார்கள். முதல் வருடம் அதற்குப் பயந்து நான் சந்து சந்தாகவே வேலைக்குப் போனேன். "தலையை ஆட்டினா பதிலுக்கு ஆட்டேன்டி, கழண்டா விழுந்துடும்?" என்பாள். அவள் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் தலையாட்டினாள். பாதிப் பேரோடு பேசவும் செய்தாள். இந்த ஊர் மொழியில் அவளுக்கு அப்போது முப்பது வார்த்தைதான் தெரியும். முப்பதையும் கூச்சமில்லாமல் செலவு செய்தாள்.

என் கணவர் படகுப் பட்டறையில் வெல்டர். படகுத்துறைக்குப் பின்னால் இருந்த சீருடைக் கடையில் தையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவர்தான் நம் ஊருக்கு எழுதினார். அக்காவின் கணவர் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊரில் சைக்கிள் குறைந்து போனதால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்து, மனைவி போவது, கணவர் மகளைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அக்காவுக்குக் கிடைத்த அனுமதி அவள் ஒருத்திக்கு மட்டும்தான். மகளுக்கு அப்போது ஒன்பது முடிந்து மூன்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

இந்த நாட்டுச் சட்டத்தை அக்கா எனக்குச் சோறு வடிக்கும்போது சொல்லித் தந்தாள். ஒரே இடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்து, முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்தால் நிரந்தர அனுமதி கிடைக்கும். அது கிடைத்தால் கணவரையும், பதினெட்டு முடியாத பிள்ளையையும் கூட்டிக்கொள்ளலாம். நடுவில் வேலை போனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"எட்டு வருஷம் முடியும்போது அவளுக்குப் பதினேழு வயசு" என்று விரல் மடக்கினாள். "கடுதாசி, ஆபீஸ், முத்திரைன்னு எட்டு மாசம் இழுத்தடிச்சாலும் நாலு மாசம் மிச்சம் இருக்கும். உள்ளே விட்ட துணி மாதிரி."

கடைக்கு முதலாளி ஒரு அம்மாள். ஒல்லி, உயரம், கழுத்தில் எப்போதும் டேப். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். பேசுவதையும் வெட்டித்தான் பேசுவார். அக்கா அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தாள். வீட்டில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் பேசியது அவர் மொழியில். எனக்குப் பாதி புரியும், மீதியை அக்கா சொல்லுவாள். இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

வெட்டுவது முதலாளியம்மா. தைப்பது அக்கா. லைனிங் கொடுப்பது, காஜா, பொத்தான், இஸ்திரி எல்லாம் நான். நான் எட்டாவதோடு நின்றவள், கணக்கு வராது, ஆனால் கை ஓடும். வாய் ஓடாதவர்களுக்கு அது நல்ல வேலை. குனிந்துகொண்டே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. தையலுக்கு உள்ளே அரை விரல்தான் துணி இருக்க வேண்டும், மீதியை நறுக்கிவிட வேண்டும். அப்போதுதான் உடுப்பு உடம்பில் ஒட்டி நிற்கும் என்பது முதலாளியம்மாவின் கொள்கை. அக்கா முதல் வாரமே அதில் மாட்டினாள். அவள் தைத்த கால்சட்டையை உள்பக்கம் திருப்பி, "இது என்ன? மூட்டை கட்டி வெச்சிருக்கியா?" என்று கேட்டார் அவர். அக்கா தன் முப்பது வார்த்தையில் விளக்கப் பார்த்தாள். வயிறு பெருக்கும், துணி சுருங்கும், பிரித்து விட்டுக்கொள்ளலாம். "பெருத்தா புதுசு வாங்கட்டும்" என்று அவர் கத்தரிக்கோலை நீட்டினார். அக்கா நறுக்கினாள்.

நறுக்கினாளே தவிர, கை கேட்கவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து அவள் தைக்கும் கோட்டுகளில் லைனிங் கொடுக்க உட்காரும்போதெல்லாம் நான் பார்த்தேன்: பக்கத் தையலில் இரண்டு விரல் துணி, தகடு மாதிரி அழுத்தி மடித்து, பெரிய பெரிய தையலாய்ப் பிடித்து வைத்திருப்பாள். வெளியே தெரியாது. தடவிப் பார்த்தாலும் தெரியாது. நான் அவளைப் பார்ப்பேன். அவள் மெஷினைப் பார்ப்பாள். நான் லைனிங்கைப் போட்டு மூடிவிடுவேன். கேட்டது ஒரே ஒரு தடவைதான்.

"எதுக்கு அக்கா?"

"எனக்கே தெரியாதுடி. நறுக்கினா ஏதோ கதவைச் சாத்தின மாதிரி இருக்கு."

தெரியாது என்று அவள் சொன்னாலும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மகளுக்கு உடுப்பு தைப்பாள். நேரில் பார்த்து அளவு எடுக்க வழியில்லை. போனில் அவள் கணவர் சொல்கிற அளவுதான்.

"தோள்லேருந்து முட்டி வரைக்கும் மூணே முக்கால் சாண்" என்பார் அவர்.

"யார் சாண்? உங்க சாணா, அவ சாணா?"

"என் சாண்தான்."

"உங்க கைதான் முறம் மாதிரி இருக்குமே! அவளை விட்டு அளக்கச் சொல்லுங்க."

"அவ சாணும் இப்போ என் சாண் மாதிரிதான் இருக்கு, இந்தாம்மா."

அதைக் கேட்டு அக்கா மறுபடி துணியை விரித்தாள். அந்த உடுப்புக்கு இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல் விட்டாள்.

ஏழு வருடமும் பத்து மாதமும் இப்படியே ஓடின. முப்பது வார்த்தை முந்நூறாகி, பிறகு எண்ண முடியாமல் போயிற்று. பனிக்காலம் முடிகிற சமயத்தில் படகுக் கம்பெனியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பனிக்காலம் முழுக்க நிற்கும் படகுகள் ஒரு திங்கட்கிழமை காலையில் மறுபடி ஓடத் தொடங்கும். அன்றைக்கு ஆட்கள் எல்லாரும் புதுக் கோட்டு போட வேண்டுமாம். கருநீலம், வெள்ளிப் பொத்தான், முப்பத்திரண்டு கோட்டுகள். கம்பெனியிலேயே ஆட்களை அளந்து ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அந்த மாதம் முதலாளியம்மாவுக்கு வலது மணிக்கட்டில் வீக்கம். கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. தாளை அக்காவிடம் கொடுத்து, "நீ வெட்டு" என்றார்.

அக்காவுக்குக் காது வரை வாய். "பார்த்தியாடி, கத்தரிக்கோலே கத்தரிக்கோலைக் கொடுத்திருக்கு! கடுதாசியில இதையும் எழுதுவாங்க."

முதலில் கேப்டனின் கோட்டை மாதிரிக்குத் தைத்தாள். முதலாளியம்மா அதை மேஜையில் விரித்துத் தையலைப் பார்த்தார். எல்லாம் சரி, உள்ளே மட்டும் இரண்டு விரல் துணி. லைனிங் போடும் முன்பே காட்டிவிட்டதால் மாட்டிக்கொண்டாள். அவர் நறுக்கும் கத்தரியை இடது கையால் அவள் பக்கம் தள்ளினார். அக்கா நறுக்கினாள். மற்ற முப்பத்தொன்றையும் அவர் பார்க்கவில்லை. ஊரை விட்டு மேல்துறைக்குப் போயிருந்த கேப்டனும் வந்து போட்டுப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கேப்டன் வந்தார். நல்ல ஆகிருதி. நாற்பது வருடம் ஆற்றுக்காற்று குடித்த உடம்பு. வாசலிலேயே பழைய கோட்டைக் கழற்றிவிட்டுப் புதுசுக்குக் கை நீட்டினார். ஒரு கை போயிற்று. இரண்டாவது கை பாதி போயிற்று. இழுத்துப் பிடித்து நடுப்பொத்தானைப் போட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "மூச்சு விடலாமா?"

விட்டார். பொத்தான் தெறித்து என் இஸ்திரிப் பெட்டியில் பட்டு விழுந்தது. சுக்கான் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் முதலாளியம்மா. இடுப்புக்கு மேல் கை எழவில்லை.

மாட்டியிருந்த கோட்டுகளை எல்லாம் முதலாளியம்மா ஒவ்வொன்றாக இழுத்து விரித்துப் பார்த்தார். எல்லாமே ஒடுக்கம்தான். கேப்டன் சிரித்துக்கொண்டேதான் போனார், ஆனால் போகும்போது, "திங்கட்கிழமை காலையில எட்டு மணி, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியம்மா முகம் சிவந்து போய் உள்ளறைக்குப் போனார். கம்பெனிக்கு போன் போட்டு, தப்பான அளவு அனுப்பிவிட்டார்கள் என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார். குரல் எங்களுக்குக் கேட்டது.

அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. பிறகு மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள்.

"அளவு தப்பில்லடி. நான்தான் தப்பு."

"என்ன அக்கா?"

"இது உடம்போட அளவு. நான் துணியோட அளவுன்னு வெட்டிட்டேன்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. நம் ஊரில் அக்கா தைத்தது ரவிக்கை. யாரும் உடம்பைக் காட்டி அளவு கொடுக்க மாட்டார்கள். பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து போடுவார்கள், அளவு ரவிக்கை. அதை விரித்து டேப்பை வைத்து, அதில் என்ன இருக்கிறதோ அதையே புதுத் துணியில் வெட்டுவாள். மூச்சு விட, கை தூக்க வேண்டிய இடமெல்லாம் அந்தப் பழைய ரவிக்கையிலேயே இருக்கும். தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. பத்து வருடம் அப்படி வெட்டிய கை. இங்கே தாளில் இருந்தது வெறும் உடம்பின் சுற்றளவு. அதன் மேல் ஐந்தாறு விரல் சேர்த்து வெட்ட வேண்டும். முதலாளியம்மா வெட்டும்போது அதைத் தாமாகவே சேர்ப்பார், வாயால் சொன்னதில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

உள்ளறையில் அவர் இன்னும் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா பேசாமல் இருந்தால் பழி அந்தப் பக்கமே போயிருக்கலாம். அவள் அதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் கண் ஒரு தடவை கதவுக்குப் போய்த் திரும்பியது. அப்புறம் விரல்களைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று மடக்கினாள். இரண்டு மாதம்தான் பாக்கி.

"போச்சு" என்றாள். "துணியும் போச்சு, வேலையும் போச்சு, பிள்ளையும் போச்சு. இனி ஒண்ணுலேருந்து எண்ணினா அவளுக்கு இருபத்தஞ்சு வந்துடும்."

நான் எப்போதும் பேசாதவள். அன்றைக்கும் பேசியிருக்க மாட்டேன். ஆனால் கையில் இருந்த கோட்டின் பக்கத் தையலை விரல் தடவிக்கொண்டே இருந்தது.

"அக்கா. உள்ளே துணி இருக்கே."

அவள் என்னைப் பார்த்தாள். அது அவளுக்கு ஞாபகமே இல்லை. கை தானாகச் செய்த வேலை தலைக்குத் தெரியவில்லை.

"எல்லாத்திலயுமா?"

"கேப்டனோடதைத் தவிர எல்லாத்திலயும். நான்தானே மூடினேன். பக்கத்துலயும் இருக்கு, கையிலயும் இருக்கு. லைனிங்லயும் விட்டிருக்கீங்க."

முகத்தில் ரத்தம் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. "வாயை மூடுடி. வேணாம்னு சொன்னதை ஏழே முக்கால் வருஷமா ஒளிச்சு வெச்சுத் தைச்சிருக்கேன். அதையும் சொன்னா ரெண்டு குத்தம் ஆயிடும்."

"ஒரு குத்தம் இன்னொரு குத்தத்தைத் தின்னுடும் அக்கா."

"உனக்கு எப்போ இவ்வளவு பேச்சு வந்துச்சு?" என்றாள். பிறகு எழுந்து புடவை மாதிரி நினைத்துக்கொண்டு கவுனின் முன்பக்கத்தை இழுத்துச் செருகப் பார்த்தாள். செருக ஒன்றும் இல்லை. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. வா."

உள்ளறைக் கதவைத் தட்டினாள். முதலாளியம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"அவங்களைத் திட்டாதீங்க. அளவு சரி. நான்தான் லூஸ் விடாம வெட்டிட்டேன்."

அவர் போனில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்தார். பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்று அக்கா ஒரு கோட்டை நீட்டினாள். என் கையில் இருந்த ப்ளேடை வாங்கி லைனிங்கை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்தாள். மடித்துப் பிடித்து வைத்திருந்த துணி வெளியே வந்தது.

முதலாளியம்மா டேப்பைத் தொடவில்லை. இரண்டு விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார். மிகச் சரியாக இருந்தது.

"எல்லாத்திலயுமா?"

"நீங்க நறுக்கச் சொன்னதைத் தவிர."

"எப்போலேருந்து?"

"வந்த மூணாவது மாசத்துலேருந்து."

அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. முன்துணி, பின்துணி என்று ஒரு பக்கத்துக்கு இரண்டு மடிப்பு, இரண்டு பக்கத்துக்கு நாலு. மடிப்புக்கு அரை விரலை நிறுத்திக்கொண்டு ஒன்றரை விரல் விட்டால், ஆறு விரல். தேவையான ஆறு விரல்.

அவர் எழுந்து போனார். வெளியே அனுப்பத்தான் போகிறார் என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் தெருக்கதவைச் சாத்தி, மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, ஒரு கோட்டோடு வந்து உட்கார்ந்தார். வீங்கிய கையில் ப்ளேடைப் பிடித்தார்.

"பிரி" என்றார்.

வெள்ளி மத்தியானம், சனி முழுக்க, ஞாயிறு முழுக்க மூன்று பேரும் பிரித்துத் தைத்தோம். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் விளக்கு எரிந்தால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். கை வேலையில் இருந்ததால் வெட்கப்பட நேரமில்லை.

பழைய தையல் இருந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதுதான் எனக்குத் தலைவலி. வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டு, மேலே இஸ்திரியை அழுத்தி எடுத்து, பிரஷ்ஷால் நீவினேன். மூன்று தடவை செய்தால் கோடு போயிற்று. முப்பத்தொரு கோட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு கோடு, ஒவ்வொரு கோடும் போக மூன்று தடவை. கடை முழுக்க வினிகர் வாடை. "நம்மள ஊறுகா போட்டுட்டாங்கடி" என்றாள் அக்கா. அதைக் கத்தரிக்கோல் அம்மாளுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, "ஊறுகா" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கேப்டனின் கோட்டுக்கு வழியில்லை. அதில்தான் நறுக்கியாகிவிட்டதே. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முதலாளியம்மா மிச்சத் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு கையாலும் கத்தரிக்கோலைப் பிடித்துத் தானே வெட்டினார். பாதியில் நிறுத்தி, "நீ எவ்வளவு விடுவே?" என்று கேட்டார்.

அக்கா இரண்டு விரலைக் காட்டினாள்.

அவர் ஒரு விரல் விட்டார்.

அன்று கடை பூட்டும்போது, "நாளைக்குப் பேசணும்" என்றார். அதைச் சுமந்துகொண்டு நாங்கள் சரிவில் இறங்கி வீட்டுக்கு வந்தோம். அக்கா வழியில் யாருக்கும் தலையாட்டவில்லை. அவளுக்குப் பதிலாக நான் ஆட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் துறையில் ஊரே நின்றது. முப்பத்திரண்டு பேரும் கருநீலத்தில் வரிசையாக நின்றார்கள். கேப்டன் எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, மூச்சை இழுத்து விட்டார். பொத்தான் அசையவில்லை. படகு ஊதியது. அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளியம்மா பேசினார். அவர் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அதுதான். "சொல்லாமல் தாளைக் கொடுத்தது நான். கேட்காமல் வெட்டினது நீ. பாதிப் பாதி. நான் சொல்லிக் கொடுக்கிற வரைக்கும் நீ வெட்டக் கூடாது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை சொல்லிக் கொடுக்கிறேன். இனிமே ஒளிச்சு வைக்காதே. ஒரு விரல் விடலாம், எனக்குத் தெரிஞ்சு விடு."

"ரெண்டு?" என்றாள் அக்கா.

"ஒண்ணு."

இரண்டு மாதம் கழித்து, எட்டு வருடம் முடிந்த அன்று, கடிதம் தந்தார். வீட்டில் என் கணவர் அதைப் படித்தார். முதல் பத்தியில் நேரத்துக்கு வருவாள், வேலை சுத்தம் என்று இருந்தது. இரண்டாம் பத்தியில் அவர் குரல் இறங்கியது. "இவர் ஒருமுறை முப்பத்திரண்டு கோட்டுகளைத் தவறாக வெட்டினார். அதை அவரே வந்து சொன்னார். பிறகு உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துச் சரிசெய்தார். இவருக்குப் பதிலாக வேறு ஆளை நான் தேட மாட்டேன்."

"அடிப்பாவி!" என்றாள் அக்கா. "கடுதாசியில போய் இதையா எழுதுவாங்க? வெட்டிட்டாளே, கடைசியில என் காலையே வெட்டிட்டாளே!"

மாற்றி எழுதித் தரச் சொல்லலாம் என்றார் என் கணவர். அக்கா மூன்று நாள் யோசித்தாள். உண்மையைத்தானே எழுதியிருக்கிறார், அதைத் திருத்து என்று எந்த முகத்தோடு கேட்பது என்று அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். துணைக்கு நானும் போனேன். அனுமதி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படித்தார். இரண்டாம் பத்தி வந்ததும் மேலே பார்த்தார். மறுபடி படித்தார்.

"நான் இங்கே பதினோரு வருஷமா கடுதாசி படிக்கிறேன்" என்றார். "இந்த ஊருக்கு வந்தவங்க யாருமே தப்பு செய்ததில்லைன்னு நினைச்சேன். முதல் ஆள் நீங்கதான்." அப்புறம் தன் கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "இது ரெண்டு வருஷம் முன்னாடி உங்க கடையில தைச்சது. இப்போ பத்தலை. இதுலயும் உள்ளே இருக்குமா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். தன் தையல்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "இருக்கு. சனிக்கிழமை கொண்டாங்க."

எல்லா முத்திரையும் விழ ஏழு மாதம் ஆயிற்று. பதினெட்டு முடிய ஐந்து மாதம் இருக்கும்போது தந்தையும் மகளும் வந்து இறங்கினார்கள்.

பேருந்து நிலையத்தில் அக்கா மகளைக் கட்டிப்பிடிக்கப் போனவள், முதலில் அவள் சட்டையின் பக்கத் தையலைப் பிடித்து உள்ளே திருப்பினாள். மூன்று வருடம் முன்னால் அனுப்பிய சட்டை அது. இரண்டு தடவை பிரித்து விட்டிருந்தார்கள். பழைய தையலின் கோடுகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தெரிந்தன. கடைசித் தையல் கோணலும் மாணலுமாக ஓரத்தை ஒட்டிப் போயிருந்தது.

"யார் தைச்சது இது? கோழி கிளறின மாதிரி?"

"நான்தான்" என்றார் அவள் கணவர். "பஞ்சர் ஒட்டுறவன் கைக்கு இதுதான் வரும்."

"அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க, விடும்மா" என்றாள் மகள். அக்காவைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள்.

அக்கா விடவில்லை. "ஒரு நூல் மிச்சமில்லை பாருங்க. இதுக்கு மேல விட இடமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது சரியாகக் கண் தெரியவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் எதிர்க்கரைக் கல்லூரிக்குப் படகில் போய் வருகிறாள். கேப்டன் அவளிடம் டிக்கெட் கேட்பதில்லை என்று அக்கா தினமும் அவரோடு சண்டை போட்டு டிக்கெட் வாங்குகிறாள். அக்காவின் கணவர் துறைக்குப் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் செய்கிறார். இந்த ஊரில் சைக்கிள் நிறைய. கடையில் வெட்டுவது இப்போது அக்காதான், முதலாளியம்மாவின் மணிக்கட்டு குணமான பிறகும். ஒரு விரல் விட வேண்டும் என்பது சட்டம், அவள் ஒன்றரை விடுகிறாள், முதலாளியம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஐந்து பேரும் மூன்று அறைகளில் இருக்கிறோம்.